சாப்பாடு இறங்குகிறது, உடம்பு ஏன் தேறவில்லை? புற்றுநோய் மொத்த உடம்பின் கணக்கையும் மாற்றுவது எப்படி

தெலுக் இந்தான் மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கினால் தூக்குச் சட்டிகளும் வார்டுக்குள் வந்துவிடும். கோழி ரசம், முருங்கைக்கீரை சூப்பு, குழைய வடித்த சோறு. "ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா, சாப்பிட்டாத்தானே உடம்பு தேறும்" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். புற்றுநோயோடு படுத்திருப்பவர் ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். வெளியே வராந்தாவில் அடுத்த பேச்சு தொடங்கும்: "மனசு விட்டுட்டாரு, அதான் சாப்பிட மாட்டேங்குறாரு."

இது தெலுக் இந்தானில் மட்டும் நடப்பதல்ல. ஈப்போவிலும் கிள்ளானிலும் சென்னையிலும் இதே பேச்சுதான். ஆனால் கடந்த சில ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், வராந்தாவில் பேசப்படும் அந்தக் காரணம் பெரும்பாலும் தலைகீழானது. சாப்பிடாததால்தான் மெலிகிறார் என்று வீட்டார் நினைக்கிறார்கள். உண்மையில், எங்கோ ஒரு மூலையில் இருக்கும் கட்டி அவருடைய கல்லீரல், தசை, கொழுப்பு, மூளை எல்லாவற்றுக்கும் வேறு உத்தரவு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பசி போனதும் அந்த உத்தரவுகளில் ஒன்றால்தான். அவர் மனசு விட்டதால் அல்ல.

இந்த மெலிவுக்கு மருத்துவத்தில் 'கெக்கெக்சியா' என்று பெயர். 'கெட்ட நிலை' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல். நம் பாட்டி, தாத்தா காலத்தில் காசநோயை 'எலும்புருக்கி' என்பார்கள். அந்த வழியில் இதற்கு ஒரு பெயர் வைப்பதானால் 'தசையுருக்கி' என்றே சொல்லலாம். ஏனென்றால் இதில் முக்கியமாகக் கரைவது தசைதான்.

எத்தனை கிலோ குறைந்தால் கவலைப்படணும்?

2011-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு வரையறை கொடுத்தார்கள். முயற்சி எதுவும் செய்யாமல் ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், புற்றுநோயாளி ஒருவருக்கு அது கெக்கெக்சியாவாகக் கருதப்படும். 60 கிலோ இருந்தவருக்கு 3 கிலோ. ஏற்கெனவே ஒல்லியாக, பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருப்பவருக்கு 2 விழுக்காடே போதும். அதே வரையறையில் முக்கியமான இன்னொரு வரியும் இருக்கிறது. வழக்கமான ஊட்டச்சத்தை மட்டும் கொடுத்து இந்தத் தசை இழப்பை முழுமையாகத் திருப்ப முடியாது என்பதே அது. பட்டினியால் மெலிந்தவருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான். பட்டினி கிடந்தவருக்குச் சோறு போட்டால் தேறுவார்.

ஆசியர்களின் உடல்வாகு வேறு என்பதால் 2023-ல் ஆசிய நிபுணர் குழு ஒன்று அளவுகோலை இன்னும் இறுக்கியது. நாட்பட்ட நோய் உள்ள ஒருவருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் 2 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைந்திருந்தாலோ, பி.எம்.ஐ. 21-க்குக் கீழே இருந்தாலோ சந்தேகப்படத் தொடங்கலாம். கூடவே பசியின்மை, கைப்பிடி வலு குறைவு, ரத்தத்தில் அழற்சியின் அடையாளம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 2 விழுக்காடு என்றால் வெறும் 1.2 கிலோ. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் அப்பா பேரப்பிள்ளையிடம் நீட்டுகிறார் என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. குண்டாக இருப்பவருக்கும் இது வரும். மேலே கொழுப்பு மூடியிருக்க, உள்ளே தசை மட்டும் கரையும். பார்ப்பவர்கள் "நல்லாத்தானே இருக்காரு" என்பார்கள். நோயைக் கண்டறிய எடுத்த சி.டி. ஸ்கேனிலேயே, இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது கண்ணி இருக்கும் மட்டத்தில் தசையின் பரப்பை அளந்துவிட முடியும். தசை குறைந்தவர்களுக்குக் கீமோதெரபியின் பக்கவிளைவு அதிகம் என்பதும் 2000-களின் இறுதியிலேயே ஆய்வுகளில் தெரியவந்தது. படம் கையிலேயே இருக்கிறது. அதைத் தசைக்காகவும் பார்க்கிறார்களா என்பது வேறு கேள்வி.

சின்னக் கட்டி, பெரிய செலவு

பல நேரங்களில் கட்டியின் எடை உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அவ்வளவு சின்ன ஒன்று எப்படி பத்து கிலோவைத் தின்னும்?

முதல் விடை 1920-களில் ஜெர்மனியில் கிடைத்தது. ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி, புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பாதியிலேயே நொதிக்கவிட்டு லாக்டேட்டாக வெளியே தள்ளுவதைக் கவனித்தார். ஒரு குளுக்கோஸை முழுதாக எரித்தால் 30 அலகு ஆற்றல் வரும் இடத்தில், இப்படிச் செய்தால் கிடைப்பது 2 அலகுதான். அதனால் அந்தச் செல்களுக்குக் குளுக்கோஸ் மேலும் மேலும் தேவைப்படுகிறது. பெட் ஸ்கேன் வேலை செய்வதே இந்தப் பசியை நம்பித்தான். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் கதிரியக்க அடையாளம் சேர்த்து ஊசி போடுவார்கள். அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் ஒளிரும்.

வெளியே தள்ளப்பட்ட லாக்டேட் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை மீண்டும் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. கட்டி மீண்டும் அதை எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுற்றுக்கு கோரி சுழற்சி என்று பெயர். அதைக் கண்டறிந்த கார்ல் கோரி, கெர்டி கோரி தம்பதி 1947-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆரோக்கியமான உடம்பில் கடும் உழைப்பின்போது தசைக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு இது. புற்றுநோயில் இது நஷ்டக் கணக்கு. லாக்டேட்டைக் குளுக்கோஸாக்க கல்லீரல் 6 அலகு செலவழிக்கிறது, கட்டி அதிலிருந்து எடுப்பது 2 அலகு. மிச்சம் 4 அலகு வட்டிக்காரனுக்குப் போன மாதிரி. படுத்தே கிடப்பவரின் உடம்பும் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஆனால் இந்த ஒரு சுழற்சியை வைத்து மட்டும் பத்து கிலோவுக்குக் கணக்குச் சொல்லிவிட முடியாது. பெரிய விஷயம், கட்டியும் அதோடு மல்லுக்கு நிற்கும் நோய் எதிர்ப்புச் செல்களும் ரத்தத்தில் விடும் ரசாயனச் செய்திகள்.

அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அந்தோனி செராமி என்பவர், ஒட்டுண்ணி தாக்கிய விலங்குகள் எலும்பும் தோலுமாகப் போவது ஏன் என்று தேடிக்கொண்டிருந்தார். புற்றுநோய் அவர் மனதிலேயே இல்லை. கடைசியில் அவரும் புரூஸ் பியூட்லரும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து 'கெக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள். 1985-ல் பார்த்தால், கட்டிகளை அழிக்கும் திறனுக்காக வேறு குழுக்கள் ஏற்கெனவே பிடித்துவைத்திருந்த டி.என்.எஃப். என்ற புரதமும் இதுவும் ஒன்றே. கட்டியை எதிர்க்க உடம்பு வைத்திருக்கும் ஆயுதமே உடம்பையும் கரைக்கிறது. அப்படியானால் அதை மட்டும் தடுத்தால் போதுமே என்று பின்னர் முயன்று பார்த்தார்கள். பலன் இல்லை. ஐ.எல்.-6, ஐ.எல்.-1 என்று செய்தி சொல்பவை பல. ஒரு வாயை மூடினால் இன்னொன்று பேசுகிறது.

இந்தச் செய்திகள் தசைக்குப் போனால், தசைப் புரதத்தைத் துண்டு துண்டாக்கும் செல்லின் சொந்த இயந்திரம் வேகமெடுக்கிறது. அப்படி உடைந்து வரும் அமினோ அமிலங்களைக் கல்லீரல் வாங்கி, குளுக்கோஸ் செய்யவும் சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்கள் செய்யவும் பயன்படுத்துகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் சி.ஆர்.பி. கூடி அல்புமின் குறைந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தத் தாளில் அவருடைய தொடைத் தசையும் கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கொழுப்பின் கதையும் அப்படித்தான். சேமித்து வைக்க வேண்டிய வெள்ளைக் கொழுப்பு, எரித்துச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பின் குணத்துக்கு மாறுவதை 2014-ல் எலிகளில் இரண்டு குழுக்கள் காட்டின. பச்சைக் குழந்தைகள் குளிரைச் சமாளிக்க உதவும் கொழுப்பு அது. புழுங்குகிற தெலுக் இந்தானில் ஒரு பெரியவரின் உடம்பு, குளிரில் இருப்பது போல நினைத்துக்கொண்டு கொழுப்பை எரிக்கிறது.

நோய் போகாத கல்லீரலும் மாறுகிறது

2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான ஓர் ஆய்வு இந்தப் படத்தை இன்னும் விரித்தது. நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் லைடன் குழுவினரின் ஆய்வு அது. எலும்பு, தோல், மார்பகம் என்று கல்லீரலுக்கு வெகு தூரத்தில் கட்டி உள்ள எலிகளை எடுத்துக்கொண்டார்கள். கல்லீரலுக்குள் ஒரு புற்றுநோய் செல்கூடப் போகவில்லை. ஆனாலும் கல்லீரலில் கொழுப்பு படிந்தது.

காரணம், கட்டியிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் மிதக்கும் நுண்ணிய பைகள். அவற்றுக்குள் பால்மிடிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் இருந்தன. செம்பனை எண்ணெய்க்கும் இந்த அமிலத்துக்கும் உறவு உண்டு, பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததுதான். அதற்காக ஜென்டராட்டா பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைக் குற்றம் சொல்லக் கிளம்ப வேண்டாம். நம் உடம்பே தினமும் தயாரிக்கும் சரக்கு இது. இந்தப் பைகள் கல்லீரலில் உள்ள காவல் செல்களைத் தூண்ட, அவை மேலே சொன்ன டி.என்.எஃப்.-ஐ விட, கொழுப்பு படிகிறது.

இதில் சிகிச்சைக்கு நேரடியாக முக்கியமானது அடுத்த விஷயம். மருந்துகளை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளின் வேலையும் அந்த எலிகளில் குறைந்தது. அதனால் கீமோ மருந்தின் நச்சு கூடியது. ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவர் அடுத்த நாளே வேலைக்குப் போகிறார், இன்னொருவர் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. இதற்கான காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். மனிதர்களிடம் இதை உறுதி செய்யும் வேலை மிச்சமிருக்கிறது.

பசியை அணைக்கும் ஒரு ஹார்மோன்

இனி வார்டு வராந்தாவின் கேள்விக்கு வரலாம். பிடித்த மீ ரெபுஸ், சீ சியோங் ஃபன் வாங்கி வந்து வைத்தாலும் வாசனையே ஆகவில்லை என்கிறாரே, ஏன்?

ஜி.டி.எஃப்.15 என்று ஒரு ஹார்மோன். செல்கள் கஷ்டத்தில் இருக்கும்போது ரத்தத்தில் இதை விடும். இது எங்கே போய் ஒட்டுகிறது என்பது 2017-ல்தான் தெரிந்தது. நான்கு ஆராய்ச்சிக் குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. மூளையின் அடிப்பகுதியில், குமட்டலையும் வாந்தியையும் கவனிக்கும் இடத்தில்தான் அதன் ஏற்பி இருக்கிறது. விஷம் ஏதோ உள்ளே போய்விட்டது, இனிமேல் எதையும் விழுங்காதே என்று எச்சரிக்கும் இடம் அது. பல புற்றுநோய்களில் இந்த ஹார்மோன் உயர்ந்தே இருக்கும்.

இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டுமென்றால் மசக்கையை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் வெளியான ஆய்வு ஒன்று, கர்ப்ப காலத்தின் கடுமையான வாந்திக்கு இதே ஜி.டி.எஃப்.15 முக்கியக் காரணம் என்று காட்டியது. மசக்கையில் இருக்கும் பெண்ணிடம் "மனசு வச்சு சாப்பிடு" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசனை பிடிக்காது என்று தெரியும், சமையலறையிலிருந்து தள்ளி உட்கார வைப்பார்கள், அவள் கேட்கும் புளிப்பு மாங்காயைத் தேடிப் போவார்கள். அதே ஹார்மோன் புற்றுநோயாளிக்கு ஏறும்போது மட்டும் நாம் அவரை அடம்பிடிக்கும் பிள்ளையாகப் பார்க்கிறோம்.

நம் வீடுகளில் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. சீனி வியாதிக்குச் சாப்பிடும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் ஜி.டி.எஃப்.15 அளவை உயர்த்துகிறது, அந்த மாத்திரையால் எடை கொஞ்சம் குறைவதற்கு அது ஒரு காரணம் என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. இந்தச் சீனி விவகாரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

"சீனி இருக்குல்ல, அதான் இளைச்சுட்டாரு"

மலேசியாவில் 2019-ல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நாட்டின் மொத்த அளவு 18.3 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு ஒரு நோய் இருந்தால், அந்த நோய் எல்லாவற்றுக்கும் காரணமாகிவிடும். கால் வலியா, சீனி. தலைசுற்றலா, சீனி. மெலிகிறாரா, சீனிதான்.

பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு ஒல்லியான உடம்பு இயல்பும்கூட. "உழைச்ச உடம்பு" என்று பெருமையாகச் சொல்வோம். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமானுக்குக் குடிவந்த பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. 52 கிலோ தாத்தா 48 ஆனால் யாருக்கும் தெரியாது. அந்த நாலு கிலோ, அவருடைய எடையில் ஏறக்குறைய 8 விழுக்காடு.

இந்தப் பழக்கம் ஆபத்தாக மாறும் இடம் கணையப் புற்றுநோய். இன்சுலின் சுரக்கும் உறுப்பு கணையம். அதில் புற்றுநோய் வந்தால், கட்டி படத்தில் தெரியும் முன்பே ரத்தச் சர்க்கரை ஏறத் தொடங்கலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் சுரேஷ் சாரி என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதில் அல்லது அதற்குப் பிறகு புதிதாக நீரிழிவு வந்தவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. நூற்றில் ஒருவர்தான். புதிதாகச் சீனி வந்தவர்கள் எல்லாம் ஸ்கேனுக்கு ஓட வேண்டியதில்லை, மற்ற 99 பேருக்கு அது வெறும் நீரிழிவுதான். ஆனால் அந்த ஒருவரை அடையாளம் காட்டும் குறிப்பு எடையில் இருக்கிறது. சாதாரணமாக இரண்டாம் வகை நீரிழிவு, எடை கூடும் காலத்தில்தான் வரும். சர்க்கரை திடீரென ஏறுகிறது, அதே நேரம் எடை இறங்கிக்கொண்டே போகிறது, வயதும் 50-ஐத் தாண்டியிருக்கிறது என்றால் மருத்துவரிடம் மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குழு 2018-ல் உருவாக்கிய மதிப்பெண் முறையும் இந்த மூன்றையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது.

தனித்தனியாகச் சொன்னால் என்ன ஆகும்? சர்க்கரைக்கு மாத்திரை கூடும். எடை குறைந்ததற்கு "நல்லதுதான், குறைக்கச் சொன்னோமே" என்று பாராட்டுகூடக் கிடைக்கலாம்.

மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவகத்தின் 2017 முதல் 2021 வரையிலான அறிக்கையில், புற்றுநோய்களில் 65.1 விழுக்காடு மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டன. அதற்கு முந்தைய ஐந்தாண்டு அறிக்கையில் அது 63.7. ஸ்கேன் வசதி, மருந்து எல்லாம் கூடிய காலத்தில் இந்த எண் இறங்கியிருக்க வேண்டும், ஏறியிருக்கிறது. தாமதத்துக்குக் காரணங்கள் பல. 'சீனிதான்' என்று எடை இழப்பைத் தள்ளிவிடுவதும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?

வார்பர்க்கின் கண்டுபிடிப்பு வாட்ஸ்அப்புக்கு வரும்போது வேறு உருவம் எடுத்துவிட்டது. "கேன்சருக்குச் சீனிதான் சாப்பாடு, சீனியை நிறுத்தினா கேன்சர் செத்துடும்." சீனியில் தொடங்கி, சோறு, பழம், பால் என்று ஒவ்வொன்றாக நிறுத்திவிடுவார்கள்.

மேலே சொன்ன கணக்கை ஒரு முறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சோறு வராவிட்டால் கல்லீரல் சும்மா இருக்காது. தசையை உடைத்துக் குளுக்கோஸ் செய்யும். கட்டிக்குப் போக வேண்டியது போய்க்கொண்டேதான் இருக்கும், கரைவது அவருடைய தோளும் தொடையும். ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களின் வழிகாட்டி, புற்றுநோயாளிக்குத் தினமும் ஒரு கிலோ எடைக்கு 25 முதல் 30 கலோரியும், 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் சொல்கிறது. 50 கிலோ ஆளுக்கு 50 முதல் 75 கிராம் புரதம். கஞ்சியும் ரசமும் மட்டும் வைத்து இந்த எண்ணைத் தொட முடியாது. முட்டை, கெம்போங் மீன், பருப்பு, தௌஃபு, தெம்பே என்று கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு ஆறு தடவை கொடுத்தால் நெருங்கலாம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவருக்குப் புரத அளவு வேறு. நீரிழிவு உள்ளவருக்குச் சீனிக் கட்டுப்பாடு தொடரும். அளவைத் தளர்த்துவதா என்பதை மருத்துவமனையின் உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

மருந்து இருக்கா?

இருக்கிறது, பாதி வழி வரை.

நமக்குப் பக்கத்தில் நடந்த ஆய்விலிருந்து தொடங்கலாம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இரைப்பை, கல்லீரல்-கணையம்-பித்தப்பை, நுரையீரல் புற்றுநோய் முற்றிய 124 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. கீமோவோடு சேர்த்துப் பாதிப் பேருக்கு ஓலன்சபின் என்ற மாத்திரை, தினமும் வெறும் 2.5 மில்லிகிராம். மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஓலன்சபின் எடுத்தவர்களில் 60 விழுக்காட்டினருக்கு எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9 விழுக்காடு. 2023-ல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டியைத் திருத்தி, குறைந்த அளவு ஓலன்சபினைச் சேர்த்துக்கொண்டது.

ஓலன்சபின் புது மருந்தே இல்லை. மனநோய்க்கு 1990-களிலிருந்து கொடுக்கப்படும் மாத்திரை. எடை கூடுவது அதன் பக்கவிளைவு, அங்கே தொந்தரவாக இருந்தது இங்கே உதவியானது. காப்புரிமை முடிந்துபோனதால் விலையும் குறைவு. கோடிகளைக் கொட்டிய ஆய்வுகள் தடுமாறிய ஒரு விஷயத்தில், புதுச்சேரி அரசு மருத்துவமனை ஒன்று சில்லறைக் காசு மாத்திரையை வைத்து வழிகாட்டியையே மாற்றியது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இது ஒரே மருத்துவமனையில் நடந்த ஆய்வு. எடை கூடியதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்ற கேள்வி நிற்கிறது. தூக்கம் வரும். சர்க்கரையை ஏற்றும் குணமும் இதற்கு உண்டு, நம்மில் மூன்றில் ஒருவருக்கு அது சின்ன விஷயமல்ல. தெரிந்தவர் சாப்பிட்டார் என்று வாங்கிக் கொடுக்கும் மாத்திரை இல்லை இது.

ஜப்பான், பசி ஹார்மோன் போல் வேலை செய்யும் அனமோரெலின் மாத்திரைக்கு 2021-ல் அனுமதி கொடுத்தது. உலகம் இப்போது எதிர்பார்த்துக்கொண்டிருப்பது பொன்செக்ரோமாப் என்ற ஊசி. மேலே பார்த்த ஜி.டி.எஃப்.15-ஐப் பிடித்து முடக்கும் மருந்து. ஃபைசர் நிறுவனம் 187 பேரிடம் செய்த இரண்டாம் கட்ட ஆய்வு 2024 செப்டம்பரில் வெளியானது. அதிக அளவு ஊசி போட்டவர்களுக்கு, வெற்று ஊசி போட்டவர்களைவிடப் பன்னிரண்டு வாரத்தில் 2.8 கிலோ கூடுதல். பசியும் கொஞ்சம் மீண்டது. ஆனால் ஆயுள் நீளுமா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை.

மருந்து, உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த மேனாக் ஆய்வின் முடிவும் 2024-ல் வந்தது. எடை இறங்குவது நின்றது. தசை அளவிலும், நோயாளிகள் தினமும் நடந்த அடிகளின் எண்ணிக்கையிலும் வித்தியாசம் இல்லை. தசையைத் திருப்புவதுதான் எல்லாரும் முட்டிக்கொள்ளும் சுவர்.

அதனால்தான் சீக்கிரம் பிடிப்பது முக்கியமாகிறது. பசி குறைந்து, எடை கொஞ்சமே இறங்கிய முதல் கட்டத்தில் கட்டிக்கான சிகிச்சையும் உணவும் லேசான பயிற்சியும் சேர்ந்து ஓரளவு பிடித்து நிறுத்த முடியும். பத்து கிலோ போன பிறகு வாய்ப்பு சுருங்கிவிடும்.

தெலுக் இந்தானிலிருந்து ஈப்போ ஒன்றரை மணி நேரப் பயணம், புத்ராஜெயாவில் உள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் அதைவிட அதிக தூரம். நிபுணரைப் பார்க்கும் நேரம் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்துக்கு உருப்படியான தகவலோடு போவது வீட்டுப் பிள்ளைகள் கையில் இருக்கிறது. தேவைப்படுவது ஓர் எடைபார்க்கும் கருவி, போனில் ஒரு குறிப்பு. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில். கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடை ஏமாற்றும், அதையும் சேர்த்து எழுதுங்கள். பழைய எடை தெரியவில்லையா? அரசாங்க கிளினிக்கில் சீனிக்கும் பிரஷருக்கும் கொடுத்த புத்தகத்தைப் புரட்டுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கான பெக்கா பி40 இலவசப் பரிசோதனைக்குப் போயிருந்தால் அங்கேயும் எடை எடுத்திருப்பார்கள்.

தினமும் பார்க்கும் அம்மாவுக்கு அப்பா மெலிவது தெரியாது. சித்ரா பௌர்ணமிக்கோ தீபாவளிக்கோ கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்பும் பிள்ளைகளுக்குத்தான் முதலில் தெரியும். மோதிரம் கழன்று விழுகிறது, பெல்ட்டில் புது ஓட்டை, கைலியை இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றுகிறார். "என்னப்பா இளைச்சுட்டீங்க" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போகாமல், அன்றைக்கே ஓர் எடை எடுத்துவிடலாம்.

கடைசிக் கட்டத்தில் என்ன செய்வது?

சிகிச்சைக்குக் கட்டி மசியாத நிலை வந்து, ஆயுள் சில வாரங்கள் என்று மருத்துவர்கள் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. அப்போது மூக்கு வழியாகக் குழாய் வைத்தோ ரத்த நாளம் வழியாகவோ உணவு செலுத்துவதை வழிகாட்டிகள் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. உள்ளே போகும் உணவை அந்த உடம்பால் தசையாக்க முடியாது. குமட்டல், வீக்கம், நெஞ்சில் சளி என்று தொந்தரவு கூடுவதே அதிகம். "பசியோட அனுப்பிட்டோமே" என்று பிள்ளைகள் வருஷக்கணக்காக மனதுக்குள் புழுங்குவதுண்டு. அந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பசி உணர்வே இருப்பதில்லை என்று வலித்தணிப்புச் சிகிச்சை மருத்துவர்கள் சொல்கிறார்கள். உதடு காயாமல் ஈரத் துணியால் ஒற்றுவது, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, அவர் கேட்டால் மட்டும் ஒரு ஸ்பூன் இளநீர், ஒரு சின்ன ஐஸ் துண்டு. கேட்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.